கலங்கிய நீச்சல் குளம்: தண்ணீரை மாற்றுவதா, கிளாரிஃபையரா, படிகாரமா?

சென்னையில் வீட்டு நீச்சல் குளம் கலங்கிவிட்டால் மூன்று வழிகள் பேச்சில் அடிபடும். மொத்தத் தண்ணீரையும் வெளியேற்றிவிட்டு லாரித் தண்ணீர் இறக்குவது ஒன்று. கிளாரிஃபையர் என்ற தெளியவைக்கும் மருந்தை ஊற்றி ஃபில்டரை இரவு பகலாக ஓட்டுவது இன்னொன்று. படிகாரம் கரைத்து ஊற்றி, கலங்கலை அடியில் படியவைத்து, உறிஞ்சி வெளியே தள்ளுவது மூன்றாவது. ஈஞ்சம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் குளம் 24 அடி நீளம், 12 அடி அகலம், சராசரியாக நாலரை அடி ஆழம். ஏறக்குறைய 36,000 லிட்டர் பிடிக்கும். அது வெளுத்துக் கலங்கி அடித்தரையே தெரியாமல் போனபோது மூன்று வழிகளையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுப் படிகாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஏன் என்பதற்குத்தான் இந்த அலசல்.

எந்த வழிக்குப் போவதற்கும் முன்னால் கலங்கலின் காரணத்தைப் பார்த்துவிடுங்கள். கண்ணாடித் தம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்து, அதில் ஆசிட் இரண்டு சொட்டு விடுங்கள். உடனே தெளிந்தால் அது சுண்ணாம்புக் கலங்கல். பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறிப்போய், தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம் வெள்ளையாகப் பிரிந்து மிதக்கிறது என்று பொருள். இதற்குப் படிகாரமும் வேண்டாம், லாரியும் வேண்டாம். குளத்துக்கே அளவாக ஆசிட் விட்டு பிஹெச்சை 7.2 பக்கம் கொண்டுவந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தம்ளர் தெளியவில்லை என்றால் கலங்கலுக்குக் காரணம் நுண்ணிய மண்ணோ, செத்த பாசியோ, சாகாத பாசியோ. கொஞ்சமாவது பச்சை தட்டினால் பாசி உயிரோடு இருக்கிறது. முதலில் குளோரின் போட்டு அதைக் கொன்றாக வேண்டும். 36,000 லிட்டருக்கு 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏற்ற, 10 சதவீத லிக்விட் குளோரின் மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். சாயங்காலம் ஊற்றுங்கள், வெயிலில் குளோரின் நிற்காது. கேனும் புதிதாக இருக்கட்டும். நம் ஊர் வெக்கையில் பழைய கேனின் வீரியம் பாதிக்குப் போயிருக்கும்.

இங்கே பிளீச்சிங் பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விலை மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால் பல வீடுகளில் அதைத்தான் வாரிக் கொட்டுகிறார்கள். அதில் குளோரினோடு கரையாத சுண்ணாம்பும் சேர்ந்தே வருகிறது. கலங்கலைப் போக்கப் போட்ட மருந்தே கலங்கலைக் கூட்டும். குளத்துக்கு அதை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது முதல் வழி, தண்ணீரை மாற்றுவது. எங்கள் குளத்தைப் பராமரிக்க வரும் தம்பி பார்த்த உடனே இதைத்தான் சொன்னார். “சார், மூணு லோடு இறக்கிட்டா முடிஞ்சுது சார். எதுக்கு இவ்ளோ யோசனை?” அவர் சொன்னதில் தப்பில்லை. 12,000 லிட்டர் லாரி மூன்று வந்தால் குளம் நிரம்பிவிடும், வேலையும் ஒரே நாளில் முடியும். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, அந்த லோடு தண்ணியைக் கொஞ்சம் பாட்டில்ல பிடிச்சுட்டு வாங்க. பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

என் முடிவைத் தீர்மானித்தது அந்தப் பாட்டில்தான். குளத்துத் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்பின் அளவு, பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லாரித் தண்ணீர் கொஞ்சம்தான் குறைவு. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தனியார் லாரிகளில் வருவது பெரும்பாலும் புறநகர்க் கிணறுகளிலிருந்தும் போர்வெல்களிலிருந்தும் எடுக்கும் நிலத்தடி நீர்தானே.

கணக்குப் போட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒரு பேச்சுக்கு, இறக்கும் தண்ணீரின் கடினத்தன்மை 500 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 500 மில்லிகிராம். 36,000 லிட்டருக்கு 18 கிலோ உப்பு. நீச்சல் குளத்துக்குச் சொல்லப்படும் அளவு 200 முதல் 400 பிபிஎம் வரைதான். அதாவது புதுத் தண்ணீர் வரும்போதே அளவைத் தாண்டித்தான் வருகிறது. அதோடு போர் தண்ணீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். குளத்தில் விழுந்து காற்றுப் பட்டு, பம்பில் சுற்றச் சுற்ற அந்த வாயு வெளியேறும், பிஹெச் தானாக ஏறும், கால்சியம் வெள்ளையாகப் பிரியும். இரும்புச் சத்து இருந்தால் குளோரின் பட்டதும் பழுப்பும் சேரும். மூன்று லோடுக்குப் பணம் கொடுத்துவிட்டு, சில நாட்களிலேயே வேறொரு கலங்கலோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். பழைய தண்ணீரோ ஏற்கெனவே ஆசிட் போட்டுப் போட்டுச் சமநிலைக்கு வந்த தண்ணீர். அதைக் கொட்டிவிட்டால் அந்த வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய தண்ணீரில் கடினத்தன்மை ஏறியிருக்காதா என்று கேட்கலாம். ஏறித்தான் இருக்கும். கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானாலே எங்கள் அளவுக் குளத்தில் 160 லிட்டர் போகும். தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. அதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரில் இன்னும் உப்பு. அதனால் குளம் 1,000 பிபிஎம், லாரி 400 பிபிஎம் என்று இருந்தால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. குளம் 600, லாரி 500 என்றால் 36,000 லிட்டரை மாற்றிக் கிடைக்கும் லாபம் வெறும் 100. லாரிக்குப் போன் போடுவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்திருங்கள்.

அப்புறம், 36,000 லிட்டர் என்பது சின்ன விஷயமா? ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலில் பார்த்தால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வரும். 2019 ஜூனில் பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் ஏறத்தாழ வறண்டு, காலிக் குடங்களோடு தெருத்தெருவாக வரிசை நின்ற ஊர் இது. சுத்தம் செய்யக்கூடிய தண்ணீரைச் சாக்கடையில் விட எனக்கு மனசு வரவில்லை. கலங்கலைப் பார்த்ததும் மோட்டாரை வைத்துக் காலி செய்யும் பழக்கம் இந்த ஊரில் ஒழிய வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வடகிழக்குப் பருவமழை நேரத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நீலாங்கரையிலிருந்து உத்தண்டி வரை நிலத்தடி நீர் மட்டம் நன்றாக மேலே வந்துவிடும். அப்போது குளத்தைக் காலி செய்தால், உள்ளிருந்து அழுத்தத் தண்ணீர் இல்லாததால் வெளியே உள்ள நிலத்தடி நீர் தொட்டியை அடியிலிருந்து மேலே தள்ளும். தரை விரிசல் விடலாம், டைல்ஸ் கிளம்பலாம், ஃபைபர் குளமாக இருந்தால் தொட்டியே எழும்பிவிடலாம். மழைக்காலத்தில் முழுவதுமாகக் காலி செய்ய யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இரண்டாவது வழி, கிளாரிஃபையர். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதில் மர்மம் ஒன்றுமில்லை. நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் சற்றுப் பெரிதாக்கும், ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். மணல் ஃபில்டர் 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும். அதற்கும் சின்னது நழுவிவிடும் என்பதால் இந்த உதவி தேவைப்படுகிறது. லேசான மங்கல், அதாவது அடித்தரை தெரிகிறது ஆனால் பளிச்சென்று இல்லை என்றால், கிளாரிஃபையரே போதும். அந்த நிலையில் படிகாரம் அதிகப்படி.

தரையே தெரியாத கலங்கலுக்கு இதை நம்பினால் நாட்கணக்கில் பம்பு ஓட வேண்டியிருக்கும். ஒரு ஹெச்பி மோட்டார் நாள் முழுக்க ஓடினால் 20 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும். பிடித்த அழுக்கெல்லாம் மணலில் சேர்ந்து பிரஷர் ஏறிக்கொண்டே வரும், தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கழுவும் பேக்வாஷைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். மூன்று நிமிட பேக்வாஷில் 600 லிட்டர் போகும். திரும்பத் திரும்பச் செய்தால் தண்ணீர் மிச்சம் என்ற வாதமும் பலவீனமாகிவிடும். சுத்தமான மணலைவிடக் கொஞ்சம் அழுக்குப் பிடித்த மணல் நன்றாக வடிகட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிரஷர் மீட்டர் சுத்தமான நிலையைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்வரை பேக்வாஷைத் தொட வேண்டாம். பாட்டிலில் போட்டிருக்கும் அளவையும் தாண்டாதீர்கள். கிளாரிஃபையர் அதிகமானால் துகள்கள் ஒட்டுவதற்குப் பதில் ஒன்றையொன்று விலக்க ஆரம்பிக்கும், கலங்கல் அப்படியே நின்றுவிடும்.

இனி படிகாரம். ஊர்ப்பக்கம் கலங்கிய ஆற்றுநீரைக் குடத்தில் எடுத்துவந்து, உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்து வைத்தால் காலையில் தெளிந்திருக்கும் அல்லவா, அதே வேலையைத்தான் படிகாரமும் செய்கிறது. ஊருக்குக் குடிநீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் படிகாரமோ அது போன்ற அலுமினிய உப்போ போட்டுப் படியவைப்பது வழக்கம். தண்ணீரில் மிதக்கும் மண் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, எத்தனை நாளானாலும் கீழே இறங்காமல் நிற்கும். படிகாரத்தின் அலுமினியம் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்து, பிசுபிசுப்பான திரளாக மாறி, அழுக்கை எல்லாம் சேர்த்து அணைத்துக்கொண்டு அடியில் உட்காரும். அந்த அழுக்கு ஃபில்டருக்குள் போகவே போவதில்லை. இதுதான் எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது. மணல் எவ்வளவு பழசு, பம்பு எவ்வளவு பலம் என்ற கேள்விகளெல்லாம் விலகிவிடுகின்றன.

இன்னொரு நல்ல பொருத்தமும் இருக்கிறது. படிகாரம் வேலை செய்ய ஆல்கலினிட்டி, அதாவது ஆசிட்டைத் தாங்கும் காரச் சத்து, தேவை. லிட்டருக்கு 50 மில்லிகிராம் படிகாரம் 25 பிபிஎம் ஆல்கலினிட்டியைத் தின்றுவிடும். மெல்லிய தண்ணீர் உள்ள ஊர்களில் இதற்காகச் சோடா சேர்க்க வேண்டியிருக்கும். நம் போர் தண்ணீரில் அது ஏற்கெனவே தாராளமாக இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

வாங்கும்போது நான்-ஃபெரிக் ஆலம் (இரும்பு கலக்காத படிகாரம்) என்று கேட்டு வாங்குங்கள். ஃபெரிக் வகையில் இரும்பு இருக்கும், டைல்ஸில் கறை பிடிக்கும். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கட்டியாகவே கிடைக்கும். சலூனில் பார்க்கும் கண்ணாடிப் படிகாரமும் வேலை செய்யும்தான், ஆனால் இந்த அளவுக்கு வாங்கினால் காசு அதிகம்.

அளவு, 1,000 லிட்டருக்கு 50 கிராம். எங்கள் குளத்துக்கு 1.8 கிலோ. கட்டியை உடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பக்கெட்டிலேயே முழுவதுமாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் பிஹெச்சை 7.2 பக்கம் இறக்குவது கட்டாயம். எட்டுக்கு மேல் இருந்தால் அலுமினியம் திரளாமல் கரைந்தே நின்று, பின்னால் அதுவே ஒரு கலங்கலாக வரும். ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஆசிட்டும் குளோரினும் ஒரே பக்கெட்டில் படவே கூடாது, விஷவாயு வரும். டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், ஒரே கரண்டியைக்கூட இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

தொடங்குவதற்கு முன் குளத்தை விளிம்புவரை நிரப்பிக்கொள்ளுங்கள். உறிஞ்சும்போது மட்டம், மேல்தண்ணீரை இழுக்கும் வாயான ஸ்கிம்மருக்குக் கீழே இறங்கினால் பம்பு காற்றை இழுத்து வேலை நடுவில் நின்றுவிடும். ஃபில்டர் வால்வை ரீசர்குலேட்டில் (தண்ணீர் மணலுக்குள் போகாமல் சுற்றும் நிலை) வைத்து, கரைசலைக் குளத்தைச் சுற்றி ஊற்றி, ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிட்டு மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆர் பக்கம் மதியத்துக்கு மேல் கடற்காற்று தண்ணீரை அலைத்துக்கொண்டே இருக்கும், திரள் இறங்காது. அதனால் இரவு காற்று அடங்கியபின் ஊற்றுவது நல்லது. பன்னிரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கட்டம்.

காலையில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெள்ளையாக ஒரு படலம். இப்போது வால்வு வேஸ்டில், அதாவது தண்ணீர் நேராக வெளியே போகும் நிலையில், இருக்க வேண்டும். மறந்து ஃபில்டரில் வைத்தால் திரள் மணலில் போய் அப்பிக்கொள்ளும், இல்லையென்றால் உடைந்து குளத்துக்கே திரும்பி வரும். தரையில் படிந்ததை உறிஞ்சும் வேக்குவம் ஹெட்டை, ஈரக் கோலத்தை அழிக்காமல் வாசலில் கால்வைப்பவரின் நிதானத்தோடு நகர்த்த வேண்டும். வேகமாகத் தள்ளினால் படலம் புகையாகக் கிளம்பும். கிளம்பிவிட்டால் நிறுத்துங்கள், மறுபடி படியட்டும், மறுநாள் தொடரலாம். மணிக்கு 12,000 லிட்டர் தள்ளும் பம்பில் இருபது நிமிட வேலைக்கு 4,000 லிட்டர் போகும். எங்கள் குளத்தில் அது ஆறு அங்குலம்.

மேலே போட்ட அதே 500 பிபிஎம் கணக்கை இங்கேயும் போடுங்கள். ஈடுகட்ட ஊற்றும் 4,000 லிட்டரில் வரும் உப்பு 2 கிலோ. அங்கே 18, இங்கே 2. மழைக்காலத்தை ஒட்டிச் செய்தால் அந்த இரண்டையும் குறைக்கலாம். ஐப்பசியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தாலே குளத்தில் நேராக விழுவது 2,700 லிட்டர், அத்தனையும் மெல்லிய தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் மழைக்கும் 900 லிட்டர் வரும். முதல் மழையில் மாடியைக் கழுவவிட்டு, அடுத்ததைக் குழாய் போட்டுத் திருப்பினால் லாரியே தேவைப்படாது.

வெளியேறும் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குள் விடவே கூடாது, திரள் போய் அடைத்துவிடும். குளோரின் தணிந்தபின் தென்னைக்குத் திருப்பலாம், பூச்செடிகளுக்கு வேண்டாம்.

படிகாரம் எல்லா வீட்டுக்கும் ஒத்துவருமா என்றால், இல்லை. மணல் ஃபில்டரும் வேஸ்ட் வால்வும் உள்ள குளத்துக்குத்தான் இவ்வளவும் சுலபம். சுவரில் மாட்டும் பைப்லெஸ் ஃபில்டர் உள்ள வீடுகளில் அப்படி ஒரு வால்வே இருக்காது. தனியாக ஒரு சின்ன பம்பு வைத்தோ, தோட்டக் குழாயால் சைஃபன் முறையிலோதான் அடியில் படிந்ததை இழுக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் ஃபில்டரிலும் இதே சிக்கல். அதை நான் தெரிந்தவர் வீட்டில் பார்த்ததோடு சரி, என் கையால் பராமரித்ததில்லை. மணலைவிட நுண்ணிய துகளைப் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் நம் கடினத் தண்ணீரில் மடிப்புகளில் சுண்ணாம்பு ஏறுவதைக் கண்டேன். அந்த இரண்டு வகைக் குளங்களுக்கும் கிளாரிஃபையரை முதலில் முயல்வதே நியாயம்.

தண்ணீரை மாற்றியே ஆக வேண்டிய நிலை ஒன்றும் உண்டு. டிசிசிஏ மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டுவந்தால் சயனூரிக் ஆசிட் சேர்ந்துகொண்டே போகும். மாத்திரை மூலம் 10 பிபிஎம் குளோரின் போகும்போது கூடவே 6 பிபிஎம் அளவுக்கு அதுவும் சேருகிறது. 30 முதல் 50 வரை இருக்க வேண்டியது 100ஐத் தாண்டினால் குளோரின் எவ்வளவு போட்டாலும் மந்தமாகவே வேலை செய்யும், பாசி திரும்பத் திரும்ப வரும். படிகாரம் அதை எடுக்காது. அப்போதும் மொத்தமாகக் காலி செய்யாமல், மழைக்காலம் இல்லாத நேரத்தில் மூன்றில் ஒரு பங்காகப் பிரித்து மாற்றுங்கள்.

எந்த வழியில் தெளிய வைத்தாலும் சரி, கரையில் நின்று பார்த்தால் ஆழமான பக்கத்தின் மெயின் டிரெயின் மூடி தெளிவாகத் தெரியும்வரை யாரையும் இறங்கவிடாதீர்கள். கலங்கிய தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கினால் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாது. மூடி தெரிந்தபின் பிஹெச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருக்கிறதா, குளோரின் 1 முதல் 3 பிபிஎம்முக்குள் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.